திருகோணமலையில் ரோசா: பங்கசு நோய்க்குக் கடும் மருந்து வேண்டாம் என்றால் எதைத் தெரிவு செய்வது?

மாரி தொடங்குமுன் முடிவெடுக்க வேண்டிய விசயம் இது. கார்த்திகையில் மழை விடாமல் பெய்து, இலையெல்லாம் புள்ளி விழுந்து மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கிய பிறகு கடைக்கு ஓடினால், கையில் கிடைப்பது பெரும்பாலும் மான்கோசெப் மாதிரியான ஒரு பங்கசுநாசினிப் பைக்கற்றாகத்தான் இருக்கும். அது வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை, செய்யும். ஆனால் நம்முடைய வளவுகளைப் பாருங்கள். உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளி என்று கரையோரம் முழுக்க மணல் தரை, கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், ரோசாச் செடிக்கும் கிணற்றுக்கும் இடையில் நாலு எட்டு தூரம். அந்தப் பூவைப் பறித்துத்தான் சாமிக்கு வைக்கிறோம், தலையில் வைக்கிறோம், சின்னப் பிள்ளைகள் இதழைப் பிய்த்து வாயில் போட்டும் பார்க்கிறார்கள். குளோரோதலோனில் என்ற பங்கசுநாசினிக்கு அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் முடிவெடுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று அது நிலத்தடி நீரைக் கெடுக்கும் என்பது, மான்கோசெப்புக்கும் 2020இல் அதே கதிதான். பத்துச் செடிக்காக இந்த மருந்துகளை வீட்டு வளவுக்குள் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, மாற்று என்ன? 2021இல் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்த காலத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கைமருந்து கிளம்பியது, பால், அப்பச்சோடா, வேப்பெண்ணெய், புளித்த மோர், சாம்பல் என்று. அவற்றில் சில உண்மையிலேயே நல்லவை, சில நம் ஊருக்குப் பொருந்தாதவை, ஒன்றிரண்டு செடியையே கொன்றுவிடக்கூடியவை. வெளிநாட்டுக் குளிரில் எழுதப்பட்ட குறிப்பை அப்படியே எடுத்து 34 பாகை வெயிலில் தெளிக்க முடியாது, நான் ஒவ்வொன்றையும் பார்க்கிற கோணம் இதுதான்.

எதைத் தெளிப்பது என்று யோசிக்க முதல் என்ன நோய் என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் ரோசாவுக்கு வருகிற இரண்டு பெரிய பங்கசுகளும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்க் குணம் கொண்டவை. கரும்புள்ளி மழைக்கால நோய். கீழ் இலையில்தான் முதலில் வரும், இலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் புள்ளியின் விளிம்பு வட்டமாக வெட்டினது போல இருக்காது, மை ஊறிப் பரவினது போல இழை இழையாக இருக்கும், சுற்றிவர மஞ்சள் ஏறியிருக்கும், விரலால் தட்டினாலே இலை காம்போடு கழன்றுவிடும். அந்தப் பங்கசின் வித்து முளைக்க இலை ஏறக்குறைய 7 மணித்தியாலம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். இந்த ஓர் எண்ணை மட்டும் மனதில் வைத்தாலே பாதி வைத்தியம் முடிந்தது. சாம்பல் நோய் மறுபக்கம், அதற்கு நனைந்த இலை தேவையில்லை, சொல்லப்போனால் இலையில் நிற்கிற தண்ணீர் அதன் வித்தைக் கெடுத்துவிடும். மழை ஓய்ந்து, தை மாசியில் இரவு குளிர்ந்து பனி இறங்க, பகல் காய்ந்து கிடக்கிற நாட்களில்தான் இளந்தளிரிலும் மொட்டுக் காம்பிலும் மா தூவினது போல வந்து குந்தும், தளிர் சுருண்டு போகும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, நம் பக்கத்தில் செடியை உண்மையில் கொல்லுவது அதுதான், ஆனால் பலர் அதை நோய் என்றே எடுப்பதில்லை. கவாத்துப் பண்ணிய நுனியிலிருந்தோ பூப் பறித்த காம்பிலிருந்தோ தண்டு கறுத்துக் காய்ந்து மெல்ல மெல்ல அடிக்கு இறங்கும். இதற்கு இலையில் எதைத் தெளித்தும் பிரயோசனம் இல்லை. கூரான கத்தரியால் வெட்ட வேண்டும், வெட்டின முகத்தைப் பார்க்க வேண்டும்: நடுச்சோறு தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தால் நோய் இன்னும் கீழே இருக்கிறது, இன்னும் ஓர் அங்குலம் இறங்கி வெட்டுங்கள், அங்கேயும் மண்ணிறப் பொட்டு இருந்தால் இன்னும் இறங்குங்கள், நடுப்பகுதி வெள்ளையாகவும் சுற்றுவட்டம் பச்சையாகவும் வருகிற இடத்தில்தான் நிறுத்தலாம். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையில் கத்தரியைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால் துடைக்காவிட்டால் நோயை நீங்களே அடுத்த தண்டுக்குக் கொண்டுபோகிறீர்கள். இலையில் புள்ளியும் இல்லை தூளும் இல்லை, ஆனி ஆடிக் கச்சான் காற்றில் இலை வெளிறி மணல் தூவினது போல இருக்கிறது என்றால் அது பங்கசே இல்லை, பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், சிற்றுண்ணியாக இருக்கும். அதற்குப் பங்கசு மருந்து தேடிப் போகாமல் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி இலையின் பின்பக்கத்தைக் கழுவினாலே நன்றாகக் குறையும்.

இனி ஒவ்வொன்றாக வருவோம்.

அப்பச்சோடாவை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் எல்லாரும் முதலில் கை வைப்பது அதில்தான். இதற்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஹோஸ்ட்டும் கூட்டாளிகளும் ரோசாவிலேயே சோதித்து, சோடாவோடு தோட்ட எண்ணெயையும் சேர்த்துத் தெளித்தால் சாம்பல் நோயும் கரும்புள்ளியும் குறைகிறது என்று 1992இல் வெளியிட்டார்கள். எண்ணெய் சேராமல் வெறும் சோடாவைக் கரைத்துத் தெளிப்பதால் பெரிய பலன் இல்லை, இலையில் ஒட்டாது. ஆனால் நம் பிரச்சினை வேறு. சோடா என்றால் சோடியம். கடற்காற்றில் ஏற்கெனவே உப்பு வருகிறது, கோடை முற்றினால் கரையோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்க்கத் தொடங்குகிறது, அந்தத் தண்ணீரைத்தான் செடிக்கும் ஊற்றுகிறோம். அதன்மேல் கிழமைக்குக் கிழமை சோடாவையும் தெளித்தால், அதுவும் சாடியில் நிற்கிற செடிக்கு, இலை ஓரம் கருகி வேர் திணறும். ரோசா உப்பைத் தாங்குகிற செடியே இல்லை. அதனால் கண்டியில் இருப்பவருக்கு நல்ல தெரிவாக இருக்கக்கூடிய இது திருகோணமலைக் கரையோரத்துக்கு நல்ல தெரிவில்லை. சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் உள்ள பொட்டாசியம் பைகாபனேற்று கிடைத்தால் கதை மாறும், அது சாம்பல் நோய்க்குச் சோடாவை விடத் திறமானது, செடிக்கும் பொட்டாசியம் உணவுதான், லீற்றருக்கு 5 கிராம் அளவில் போதும். ஆனால் அது ஊர்க் கடையில் நினைத்தவுடன் வாங்கக்கூடிய பொருள் இல்லை, கொழும்பிலிருந்து யாராவது கொண்டுவந்து தந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

பால். பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்ற ஆய்வாளர் சுக்கினி என்ற பூசணி வகைச் செடியில் சாம்பல் நோய்க்குப் பாலைத் தெளித்துப் பார்த்து 1999இல் எழுதினார். ஒரு பங்கு பால், ஒன்பது பங்கு தண்ணீர், கிழமைக்கு ஒரு தடவை. இரசாயன மருந்துக்குக் கிட்ட நின்றது, சில இடத்தில் அதைவிடவும் நன்றாக. பாலிலுள்ள புரதம் வெயில் படும்போது பங்கசைத் தாக்குகிறது என்பது ஒரு விளக்கம், அதனால் பாலை மட்டும் காலை வெயிலில் தெளிக்க வேண்டும், மற்றதெல்லாம் பின்னேரம். தம்பலகாமத்துப் பக்கமிருந்து வருகிற பசும்பால் அரைத் தம்ளர் இருந்தால் பத்துச் சாடிக்குத் தாராளம். பத்துக்கு ஒரு பங்கு என்பதைத் தாண்டிக் கெட்டியாக அடித்தால் இலையில் பால் புளித்து வேறு பூஞ்சணம் பிடிக்கும், மணமும் வரும், எறும்பும் வரும். தை மாசி சாம்பல் நோய்க்கு, அதுவும் வெள்ளை படரத் தொடங்கின அந்த முதல் கிழமையிலேயே பிடித்தால், என் முதல் தெரிவு பால்தான். ஆனால் கார்த்திகைக் கரும்புள்ளிக்குப் பாலை நம்பியிருக்க வேண்டாம், வெயிலே இல்லாத நாளில் பாலுக்கு வேலையில்லை, பெய்கிற மழை அரை மணியில் கழுவியும் விடும். புளித்த மோர் தெளிக்கிற அம்மம்மாமாருக்கும் இதே பதில்தான், சாம்பல் நோய்க்குக் கைகொடுக்கக்கூடியது, கரும்புள்ளிக்கு அதை நம்ப முடியாது.

வேப்பெண்ணெய் நம் ஊர்ப் பொருள் என்பதால் எல்லாருக்கும் அதில் ஒரு நம்பிக்கை, எனக்கும்தான். லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர், முதலில் சில துளி சவர்க்காரத் திரவத்தோடு எண்ணெயை நன்றாக அடித்துக் கலந்துவிட்டுப் பிறகு தண்ணீர் விட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், ஒரு இலைக்கு வெறும் தண்ணீரும் அடுத்த இலைக்குத் தனி எண்ணெயும் போகும். இலையில் ஒரு படலமாக நின்று வித்து முளைக்காமல் தடுப்பதுதான் இதன் முக்கியமான வேலை, ஆகவே வருமுன் காப்பு. ஏற்கெனவே புள்ளி விழுந்த இலையை இது திருப்பித் தராது, எந்த மருந்தும் தராது. கூடுதல் நன்மை என்னவென்றால் அசுவினிக்கும் சிற்றுண்ணிக்கும் சேர்த்தே பிடிக்கும். ஆபத்து வெயில். வைகாசி முதல் ஆவணி வரை இங்கே பகலில் 33, 34 பாகை சாதாரணம், அந்த வெயிலில் எண்ணெய் பூசின இலை பொரிந்துவிடும், வெயில் தாழ்ந்தபின் மாலையில் மட்டும் தெளியுங்கள், தேனீயும் அந்நேரம் போயிருக்கும். விளக்கெரிக்க விற்கிற கலப்பு எண்ணெயை வாங்க வேண்டாம், அதில் வேம்பு எவ்வளவு, வேறென்ன எவ்வளவு என்று போத்தலைப் பார்த்துச் சொல்ல ஏலாது.

கந்தகம் பழைய மருந்து, நல்ல மருந்து, சாம்பல் நோய்க்கு இதைவிடத் திறமானது இயற்கைப் பக்கத்தில் குறைவு. நனையக்கூடிய கந்தகத் தூள் என்று கேட்டால் தருவார்கள், லீற்றருக்கு 2 அல்லது 3 கிராம். ஆனால் 32 பாகைக்கு மேல் போகிற நாளில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும், எண்ணெய் தெளித்து இரண்டு கிழமைக்குள் கந்தகம் தெளித்தாலும் சுடும். நம் ஊரில் வருடத்தில் பாதிக்கு மேல் அந்த வெப்பம்தானே. ஆகவே மார்கழி, தை, மாசி மட்டும், அதுவும் வேப்பெண்ணெய் பாவிக்காத செடிக்கு மட்டும். இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்து அந்தப் பருவம் முழுக்க அதிலேயே நில்லுங்கள். வீட்டில் இழுப்பு உள்ளவர் இருந்தால் கந்தகத்தைத் தொடவே வேண்டாம், தூள் நெஞ்சுக்கு ஆகாது.

போர்டோ கலவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்கு "இயற்கை" என்ற பெயர் இருப்பதால் ஆட்கள் பயமில்லாமல் அடிக்கிறார்கள். துருசும், அதாவது செம்புச் சல்பேற்றும், சுண்ணாம்பும் கலந்தது. பிரான்சின் போர்டோப் பக்கத்தில் திராட்சை திருடுகிறவர்களை விரட்டப் பாதையோரக் கொடிகளில் இதைப் பூசி வைத்திருந்தார்கள், அந்தக் கொடிகளில் மட்டும் நோய் குறைவாக இருப்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885இல் உலகத்துக்குச் சொன்னார். கரும்புள்ளிக்கு இது உண்மையாகவே வேலை செய்கிறது, நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட. 10 லீற்றருக்குத் துருசு 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம், இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, துருசுத் தண்ணீரைச் சுண்ணாம்புத் தண்ணீருக்குள் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும், அன்றைக்கே பாவித்து முடிக்க வேண்டும். துருப்பிடிக்காத பளபளப்பான கத்தியல்ல, சாதாரண இரும்புக் கத்தியைத் துலக்கி ஒரு நிமிடம் கலவைக்குள் வைத்து எடுங்கள், அலகில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம், அதை அப்படியே தெளித்தால் இலை கருகும். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது: செம்பு மெதுவாகக் காய்கிற ஈர நாட்களில்தான் ரோசா இலையை அதிகம் சுடும், கரும்புள்ளி வருவதும் அதே நாட்களில்தான். அதோடு செம்பு மண்ணில் உக்காது, வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும், மண்புழுவுக்கு ஆகாது, ஓடி மீன் உள்ள தண்ணீரில் சேர்ந்தால் மீனுக்கும் ஆகாது. ஆகவே செடி முழுக்கத் தெளிக்கிற மருந்தாக இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆனால் நுனியிலிருந்து காய்ந்து இறங்குகிற நோய்க்கு வெட்டினோமே, அந்த வெட்டு முகத்துக்கு இதையே பசையாகக் குழைத்து, ஒரு லீற்றருக்கு 100 கிராம் துருசு, 100 கிராம் சுண்ணாம்பு என்ற கணக்கில், தூரிகையால் ஒரு பொட்டு வைத்துவிட்டால் அதற்கு ஈடான காப்பு வேறில்லை. மண்ணுக்கும் போவது மிகக் குறைவு.

உயிர்ப் பங்கசுநாசினி என்று ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பங்கசு, பசிலஸ் சப்டிலிஸ் என்ற பற்றீரியா இரண்டும் விற்கப்படுகின்றன. ட்ரைக்கோடெர்மா மண்ணுக்குள் வேரழுகலைத் தடுக்கிற வேலைக்காரன், மாட்டெருவோடு கலந்து வேரடியில் போட நல்லது, இலைப் புள்ளிக்கு அதை வாங்க வேண்டாம். இலைக்கு பசிலஸ். இரண்டும் உயிரோடு இருந்தால்தான் வேலை. தகரக் கூரைக் கடையில் கோடை முழுக்கச் சூட்டில் கிடந்த பைக்கற்றில் எவ்வளவு உயிர் மிஞ்சியிருக்கும் என்று யோசித்து, திகதியைப் பார்த்து வாங்குங்கள்.

இவ்வளவும் தெளிப்பது. என் கணக்கில் இவை எல்லாம் இரண்டாம் இடம்தான். முதலாம் இடம் எந்தச் செடியை நடுகிறோம் என்பதற்கு.

நுவரெலியா, பண்டாரவளைப் பக்கமிருந்து லொறியில் வருகிற ஒட்டுக்கன்றுகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும், உள்ளங்கை அகலப் பூ, ஒவ்வொன்றும் ஒரு நிறம். ஹக்கலைப் பூங்காவில் அந்த இனங்கள் சிரித்துக்கொண்டு நிற்பது ஏறக்குறைய 1,700 மீற்றர் உயரத்துக் குளிரில். அதைக் கடல்மட்டத்துக்கு இறக்கி, கச்சானிலும் வாடையிலும் நிறுத்திவிட்டு, நோய் வருகிறதே என்று மருந்து தேடுகிறோம். சில வருடத்திலேயே அந்தக் கன்று அடியோடு போய்விடுவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். பன்னீர் ரோசா, கொத்துக் கொத்தாகப் பூக்கிற சின்ன நாட்டு ரோசா, சீன ரோசா வகைகள், இவை பூ சின்னது, நிறம் இரண்டு மூன்றுதான், ஆனால் மழையில் பாதி இலை போனாலும் தை பிறக்க மறுபடி துளிர்த்து நிற்கும். நோய் எதிர்ப்பு என்பது இனத்திலேயே இருக்கக்கூடிய குணம். அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர் கரும்புள்ளி பிடிக்காத செடி வேண்டும் என்றே பல வருடம் கலப்புச் செய்து எடுத்த நொக் அவுட் ரோசா 2000இல் விற்பனைக்கு வந்தது, மருந்தில்லாமல் வளர்க்கலாம் என்பதால்தான் அது அங்கே அப்படி விற்றது.

நமக்கு அதைவிட எளிதான வழி இருக்கிறது. மார்கழிக் கடைசியில் உங்கள் ஒழுங்கையில் ஒரு நடை நடந்து பாருங்கள், எந்த வீட்டு வேலியில் நிற்கிற ரோசாவில் இன்னும் இலை இருக்கிறது என்று. அந்த வீட்டு அக்காவிடம் "ஒரு தடி தாங்கோ அக்கா" என்று கேட்டால் மறுக்கப் போவதில்லை. பூத்து முடிந்த, பென்சில் தடிப்பான தண்டில் ஒரு சாண் நீளம் வெட்டி, மணலும் உமிக்கரியும் கலந்த சாடியில் பாதிக்குப் புதைத்து நிழலில் வைத்தால் வேர்விடும். ஒட்டு இல்லாத, தன் வேரிலேயே நிற்கிற செடி, நுனி காய்ந்து அடிவரை போனாலும் அடியிலிருந்து மறுபடி அதே ரோசாவே வரும்.

அப்புறம் இலையைக் காய வைப்பது. அந்த 7 மணித்தியாலத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் எல்லா மருந்துக்கும் மேலான மருந்து. பூவாளியால் தலையில் ஊற்றாமல் வேரடியில் ஊற்றுவது, அதையும் மாலையில் அல்லாமல் விடியற்காலையில் செய்வது, செடிக்குச் செடி மூன்று அடி விடுவது, நடுவில் அடைந்து நிற்கிற தண்டுகளை எடுத்துக் காற்றுப் போக வழிவிடுவது, மதிலோடு ஒட்டி நடாமல் காலை வெயில் விழுகிற பக்கம் நடுவது. விழுந்த இலையைக் கூட்டி எரிப்பதோ குப்பையில் போடுவதோ செய்யுங்கள், கூட்டெருக் கிடங்குக்குள் போட வேண்டாம், அடுத்த மழைக்கு வித்து அங்கிருந்துதான் வரும். வேரடியில் தும்போ வைக்கோலோ பரப்பினால் மழைத்துளி மண்ணில் அடித்துக் கீழ் இலைக்குத் தெறிப்பது நின்றுவிடும். சாடியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு வசதி: அடைமழை நாட்களில் சாடியைத் தாழ்வாரத்துக்கு இழுத்துவிடலாம். காற்று வருகிற தாழ்வாரம் என்றால் அந்த மாதம் வேறு எதுவும் தேவைப்படாது.

ஆகவே இப்படி முடிவெடுங்கள். நகருக்குள் நாலைந்து சாடி மட்டும் வைத்திருப்பவர் தாழ்வாரத்தையும் பாலையும் வைத்தே சமாளிக்கலாம், வேறு எதற்கும் காசு செலவழிக்க வேண்டாம். கரையோரத்தில் நிலத்தில் நட்டிருப்பவர் சோடாவை மறந்துவிட்டு, புரட்டாதி நடுவிலிருந்து பத்து நாளுக்கு ஒருமுறை மாலையில் வேப்பெண்ணெய், மழை விட்ட இடைவெளிகளிலும் அதையே தொடர்வது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் கொஞ்சம் உள்ளே இருந்து விற்பனைக்காக வரிசையாக நட்டிருப்பவருக்குக் கையால் இலை பொறுக்கி முடியாது, அவருக்கு இனத் தெரிவும் இடைவெளியும்தான் பிரதானம், தை மாசியில் கந்தகம் கைகொடுக்கும், அதைத் தெளிப்பதாக இருந்தால் அந்தப் பருவம் முழுக்க அந்தச் செடிகளுக்கு எண்ணெய் வேண்டாம். மலைநாட்டுப் பெரிய பூ இனத்தை விட மனமில்லாதவர்கள், அந்த ஆசை எனக்கும் விளங்குகிறது, ஒன்றிரண்டை மட்டும் சாடியில் வைத்து, பின்னேர வெயில் படாத இடத்தில் பிள்ளை போல் பாருங்கள், நிலத்தில் நடுவதற்கு நாட்டு ரோசா.

கவாத்து எப்போது என்று கேட்பவர்களுக்கு: புரட்டாதியில் உள்ளே அடைந்த தண்டுகளை மட்டும் மெல்ல எடுங்கள், மழை பெய்கிற மாதங்களில் கத்தரியைத் தூக்க வேண்டாம், ஈரத்தில் வெட்டினால் வெட்டின இடமெல்லாம் காய்ந்து இறங்கும். பெரிய கவாத்து தைப் பொங்கல் கழிந்து வானம் வெளித்த பிறகு, காய்ந்த ஒரு காலையில், பக்கத்தில் ஸ்பிரிட் போத்தலும் போர்டோப் பசைக் கிண்ணமும் வைத்துக்கொண்டு.